கிளர்ச்சியும் அந்நியத் தூண்டுதலும்

எந்த நாட்டிலேனும் ஜனங்கள் அநீதியைப் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றால், அந்நாட்டை ஆளுவோர் முதலில் சொல்லும் சமாதானம் ஒன்றே. "எங்கள் ஜனங்கள் நல்லவர்கள். திருப்தியோடு இருந்தவர்கள். வெளியிலிருந்து வந்த சிலர் அவர்கள் மனத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்பதே அது. அந்நியத் தூண்டுதல், வெளியூர்க் கலகக்காரர், பிறநாட்டுப் பணம் என்று காலத்துக்கேற்பச் சொற்கள் மாறும். பொருள் மாறுவதில்லை. முடியரசுகளும் இதைச் சொல்லியிருக்கின்றன, குடியரசுகளும் சொல்லியிருக்கின்றன. அந்நிய ஆட்சியாளர் சொன்னார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டு அதே நாற்காலிகளில் அமர்ந்தவர்களும் சொன்னார்கள்.

இந்தக் குற்றச்சாட்டுக்குக் கிளர்ச்சிக்காரர்கள் கூறும் பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. "நாங்கள் எவரிடமும் எதையும் கற்கவில்லை. இது முற்றிலும் எங்கள் மண்ணில் முளைத்தது" என்று அவர்கள் பெருமிதத்தோடு கூறுகிறார்கள். இவ்விரண்டு கூற்றுக்களும் உண்மைக்கு மாறானவை என்பது நமது அபிப்பிராயம். நோய் எப்போதும் உள்ளூரைச் சேர்ந்தது. மருந்து பல சமயங்களில் வெளியூரிலிருந்து வருகிறது. மருந்து வெளியூரிலிருந்து வந்ததனாலேயே நோயும் வெளியூரிலிருந்துதான் வந்தது என்று வாதிப்பவன் நல்ல வைத்தியனுமல்லன், நல்ல வக்கீலுமல்லன். அவ்வாறே, மருந்து தன் வீட்டுக் கொல்லையில்தான் விளைந்தது என்று சாதிப்பவனும், அதை எந்த அளவில், எந்தப் பத்தியத்தோடு உட்கொள்ள வேண்டும் என்பதைக் கேட்டறியும் வாய்ப்பை இழந்துவிடுகிறான்.

கிளர்ச்சி முறைகள் ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்கு எவ்வாறு சென்றன, சென்ற இடத்தில் எங்கே வேரூன்றின, எங்கே பட்டுப்போயின என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே பார்ப்போம்.

மேயோ ஜில்லாவில் நடந்தது

அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள மேயோ ஜில்லாவில், எர்ன் பிரபு என்னும் நிலச்சுவான்தாருக்கு ஏஜெண்டாக இருந்தவர் காப்டன் சார்லஸ் பாய்காட். விளைவு பொய்த்த காலத்தில் குத்தகையைக் குறைக்க வேண்டுமென்று குடியானவர்கள் கேட்டார்கள். கேட்டபடி குறைக்கப்படவில்லை, நிலத்தை விட்டு வெளியேற்றும் நோட்டீசுகள் வந்தன. 1879ஆம் ஆண்டில் மைக்கேல் டேவிட் முதலியோர் ஸ்தாபித்த நிலச் சங்கம் அப்பொழுது அயர்லாந்தெங்கும் பரவியிருந்தது. 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி, என்னிஸ் என்னும் ஊரில் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் ஒரு பிரசங்கம் செய்தார். வெளியேற்றப்பட்டவனுடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்யலாம் என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். சுட்டுத் தள்ள வேண்டும் என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டென்றார் பார்னெல். சாலையில் கண்டால் விலகுங்கள், கடையில் கண்டால் பேசாதிருங்கள், சந்தையிலும் கோயிலிலும் அவனைத் தனியே விட்டுவிடுங்கள் என்பதே அவர் காட்டிய வழி.

சில நாட்களுக்குள் அந்த வழி பாய்காட்டின்மீது பிரயோகிக்கப்பட்டது. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. துணி வெளுப்பாரில்லை. தபாலைக் கொண்டுவருவதற்கும் ஆளில்லை. வயலில் விளைந்தது வயலிலேயே கிடந்தது. வடக்கே அல்ஸ்டரிலிருந்து ஐம்பது பேர் அறுவடைக்கு வந்தனர். அவர்களைக் காப்பதற்குச் சர்க்கார் ஏறக்குறைய ஆயிரம் துருப்புக்களை அனுப்பியது. சுமார் 500 பவுன் பெறுமானமுள்ள விளைவைக் காப்பாற்றச் செலவானது சுமார் 10,000 பவுன் என்று கணக்கிடப்பட்டது. டிசம்பர் மாதம் பிறந்ததும் பாய்காட் அயர்லாந்தை விட்டே வெளியேறினார்.

இச்செய்தி மேயோ ஜில்லாவை விட்டு எவ்வாறு வெளியே வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். தமக்கு நேர்ந்த இன்னல்களை லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி உலகுக்கு அறிவித்தவர் பாய்காட்டேதான். இந்தச் செயலுக்குப் பாமர ஜனங்கள் சொல்லத்தக்க ஒரு பெயர் வேண்டுமென்று அமெரிக்க நிருபரான ஜேம்ஸ் ரெட்பாத் யோசித்தபோது, ஓமாலி என்னும் உள்ளூர்ப் பாதிரியார் அந்தக் கனவானின் பெயரையே வைத்துவிடலாம் என்று கூறினார் என்பது ரெட்பாத் எழுதிவைத்த வரலாறு. சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யா முதலிய பாஷைகளிலெல்லாம் அச்சொல் புகுந்துவிட்டது. ஒரு கிளர்ச்சி முறை கடல் கடப்பதற்கு அதைச் சொல்ல ஒரு பெயரும், அதை எழுத ஒரு பத்திரிகையும், அதைச் சுமந்து செல்ல ஒரு மனிதனும் வேண்டும். பல சமயங்களில் எதிரியே அம்மனிதனாக இருப்பதுண்டு.

ஆயுதத்துக்கு மனச்சாட்சி இல்லை

1905ஆம் ஆண்டில், தம்மவர் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்த சட்டத்தைக் கண்டித்துச் சீனர்கள் அமெரிக்கச் சரக்குகளை வாங்காது ஒதுக்கினார்கள். ஷாங்காய் வர்த்தகர்கள் அதற்கு முன்னின்றனர். அதே ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி, வங்காளப் பிரிவினையை எதிர்த்துக் கல்கத்தா நகர மண்டபத்தில் பிரிட்டிஷ் சாமான்களைப் பகிஷ்கரிக்கும் தீர்மானம் நிறைவேறிற்று. அதன் அலை அடுத்த ஆண்டே தூத்துக்குடித் துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியாக வந்து மோதியதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும், இம்முறையைத் தமிழர் அயர்லாந்துக்காரரிடமிருந்துதான் முதன்முதலில் அறிந்தனர் என்று கூறுவது பொருந்தாது. ஒருவனுக்கு நெருப்பும் நீரும் மறுத்து, வண்ணானையும் நாவிதனையும் நிறுத்தி, ஊரை விட்டு ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் கிராமங்களுக்குப் பழையது. மேயோ ஜில்லாவில் பாய்காட்டுக்கு நேர்ந்ததும் அதுவே. ஆனால் ஒரு பெரிய பேதம் உண்டு. அங்கே எளியவர்கள் ஒன்றுகூடி வலியவனை ஒதுக்கினார்கள். இங்கே பெரும்பாலும் வலியவர்கள் ஒன்றுகூடி எளியவனை ஒதுக்கினார்கள். கூலி உயர்வு கேட்ட பண்ணையாளும், கோயிலுக்குள் நுழைய முயன்ற தாழ்த்தப்பட்டவனும், கலப்பு மணம் செய்துகொண்டவனும் அந்த ஊர்விலக்கை அனுபவித்தவர்கள்.

இந்தப் பேதத்தை மறந்துவிட்டு முறையை மட்டும் புகழ்வது ஆபத்து. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி ஜெர்மனியில் நாஜிகள் யூதர் கடைகளின் வாயிலில் காவல் நின்று நடத்தியதும் பகிஷ்காரந்தான். 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களில், பள்ளிக்கூடங்களில் நிறபேதம் ஒழிய வேண்டுமென்று மனுவில் கையெழுத்திட்ட கறுப்பு ஜனங்களின் வேலையையும் கடனையும் வெள்ளையர் கவுன்சில்கள் பறித்தன. அதுவும் பகிஷ்காரந்தான். ஆயுதம் கடல் கடக்கும். மனச்சாட்சி அதனுடன் கூடவே கப்பலேறுவதில்லை. அதைச் சேர்ந்த இடத்தில்தான் உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

கடன் வாங்கியதைச் சொந்தமாக்கியது

அவ்வாறு உண்டாக்கிக் கொண்டதற்குச் சிறந்த உதாரணம் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய போராட்டம். ஆசியர்கள் கைரேகை பதிந்து பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்ட மசோதாவுக்கு எதிராக, 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் நகரில் இந்தியர்கள் கூடிச் சபதம் எடுத்துக் கொண்டார்கள். அடுத்த மாதம் அடிகள் லண்டனுக்குத் தூது சென்றபோது, வாக்குரிமை கேட்டுச் சிறை புகுந்த ஆங்கில மாதரைக் குறித்துத் தமது 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வியந்து எழுதினார். ருஷ்யாவில் 1905ஆம் ஆண்டு நிகழ்ந்த பொது வேலைநிறுத்தத்தைப் பற்றியும் எழுதினார். வரி கொடுக்க மறுத்து ஓர் இரவு சிறையிலிருந்த அமெரிக்கர் தோரோவின் கட்டுரையைச் சுருக்கி வெளியிட்டார். டால்ஸ்டாயுடன் கடிதப் போக்குவரத்து நடத்தினார். இவற்றில் எதையும் அவர் மறைக்கவில்லை. யாரிடமிருந்து எதைப் பெற்றோம் என்பதைப் பகிரங்கமாகவே சொன்னார்.

ஆனால் பெற்றதை அப்படியே வைத்துக் கொள்ளவுமில்லை. ஆங்கில மாதர் சங்கத்தினர் பின்னர் கண்ணாடிகளை உடைக்கவும் கட்டிடங்களுக்குத் தீ வைக்கவும் தலைப்பட்டபோது, அந்த வழியை அவர் ஏற்கவில்லை. தமது இயக்கத்தை ஆங்கிலத்தில் 'சாத்வீக எதிர்ப்பு' என்ற பொருளில் அழைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பலமில்லாதவர்களின் ஆயுதம் என்று வெள்ளைக்காரர்கள் அதற்கு அர்த்தம் செய்தார்கள். தம் ஜனங்களின் போராட்டத்துக்கு அந்நிய பாஷையில் மட்டும் பெயர் இருப்பதை அவர் வெட்கமாகக் கருதினார். நல்ல பெயர் சொல்பவர்களுக்குப் பரிசு தருவதாகப் பத்திரிகையில் அறிவித்தார். மகன்லால் காந்தி கூறிய 'சதாக்கிரகம்' என்ற சொல்லைத் திருத்திச் 'சத்தியாக்கிரகம்' என்று வைத்தார். பெயரை மாற்றியது வெறும் சொல் விளையாட்டன்று. பெயரோடு பொருளும் மாறிற்று.

அந்தப் பத்திரிகை 1903ஆம் ஆண்டில் தொடங்கியபோது நான்கு பாஷைகளில் வெளிவந்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. காரணம் இல்லாமலில்லை. அங்கே ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் தமிழர் ஏராளம். 1913ஆம் ஆண்டில், ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற ஸ்திரீகள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாதர். நவம்பர் 6ஆம் தேதி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். சிறை சென்று நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி உயிர் நீத்தாள். அவளுக்கு வயது பதினாறு. அதே ஆண்டில் தலைவரி ரத்தாயிற்று. தோரோவையும் டால்ஸ்டாயையும் வள்ளியம்மை படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று பவுன் வரி ஒரு கூலிக் குடும்பத்தை என்ன செய்யும் என்பது அவளைச் சூழ்ந்திருந்தோர் அனைவருக்கும் தெரியும். முறை வெளியிலிருந்து வந்தது. வலி வீட்டிலேயே இருந்தது.

ஒரு குறையையும் இங்கே சொல்லாமல் விடுவது நியாயமன்று. அந்தப் போராட்டம் இந்தியரின் குறைகளுக்காக நடந்தது. அந்நாட்டின் சொந்த ஜனங்களாகிய ஆப்பிரிக்கர்களை அது தன்னுடன் சேர்த்துக் கொள்ளவில்லை. 1952ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி தொடங்கிய சட்ட மறுப்பில்தான் ஆப்பிரிக்கரும் இந்தியரும் தோளோடு தோள் நின்று சிறை புகுந்தார்கள். சிறை சென்றோர் எண்ணாயிரத்துக்கும் மேல்.

இருபது ஆண்டுகள் எடுத்த பிரயாணம்

தோரோவின் நாட்டுக்கே அம்முறை திரும்பிச் சென்ற வரலாறு இன்னும் பொறுமையோடு படிக்கத்தக்கது. 1936ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஹோவர்டு தர்மன் என்னும் கறுப்புப் போதகரும் அவர் மனைவியாரும் பார்டோலியில் காந்தியடிகளைச் சந்தித்தார்கள். கேள்வி கேட்கச் சென்ற அவர்களை அடிகளே துருவித் துருவிக் கேட்டார். கலப்பற்ற அகிம்சைச் செய்தி அமெரிக்கக் கறுப்பு ஜனங்களின் மூலமாகவே உலகுக்குக் கிடைக்கக்கூடும் என்று இறுதியில் கூறினார். தண்டி யாத்திரையில் கலந்துகொண்ட கிருஷ்ணலால் ஸ்ரீதராணி என்ற இளைஞர் அமெரிக்கா சென்று கல்வி கற்று, சத்தியாக்கிரகத்தின் படிகளை முறைப்படுத்தி 1939ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1942ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் நிற சமத்துவத்துக்காகச் சங்கம் கண்ட இளைஞர்கள் அப்புத்தகத்தையே கைநூலாகக் கொண்டார்கள்.

ஆயினும் பதின்மூன்று ஆண்டுகள் அது சிறு குழுக்களின் முயற்சியாகவே இருந்தது. 1955ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி மாண்ட்கோமரி நகரில், வெள்ளையனுக்குப் பஸ்ஸில் இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை, பஸ்ஸைப் பகிஷ்கரிக்கச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களைப் பல்லாயிரக்கணக்கில் அச்சடித்தார். அவருடைய மாதர் சங்கம் வெகு நாட்களாக இதற்கு ஆயத்தம் செய்திருந்தது. லூயிஸியானா மாகாணத்தில் பாட்டன் ரூஜ் நகரத்தார் 1953ஆம் ஆண்டில் இதே காரியத்தைச் செய்து பார்த்திருந்தார்கள். ஏறத்தாழ ஐம்பதினாயிரம் கறுப்பு ஜனங்கள் 381 நாட்கள் நடந்தே வேலைக்குச் சென்றார்கள், அல்லது ஒருவர் வண்டியில் மற்றவர் ஏறிச் சென்றார்கள். இந்தியாவின் உதாரணம் அவர்களைத் தெருவுக்குக் கொண்டு வரவில்லை. ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டவர்கள் நிலைத்து நிற்பதற்கே அது உதவிற்று. முதல் வாரம் முடிவதற்குள் ஜூலியட் மார்கன் என்ற வெள்ளைக்காரப் புத்தகசாலை அதிகாரிதான் இதைக் காந்தியின் போராட்டத்துக்கு ஒப்பிட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். அடுத்த பிப்ரவரியில் பேயார்டு ரஸ்டின் வந்து, மார்டின் லூதர் கிங்கின் வீட்டில் காவலுக்காக வைத்திருந்த துப்பாக்கிகளைக் கண்டு, அகிம்சையைப் பற்றி விரிவாகப் பேசினார். அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? வெளியூர்க் கலகக்காரர்கள் என்றுதான் சொன்னார்கள். 1921ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து எண்பத்தொன்பது பேர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த எண்பத்தொன்பது பேரும் உள்ளூர்க்காரர்களாக இருந்ததே அந்தப் பொய்க்குப் போதிய மறுப்பு.

மாண்ட்கோமரிச் செய்தியை நாகபுரியில் ஒரு பத்திரிகையில் படித்து மகிழ்ந்தவர் ஜேம்ஸ் லாசன். கொரிய யுத்தத்துக்குச் செல்ல மறுத்துச் சிறையிலிருந்தவர் அவர். பிறகு நாகபுரிக் கலாசாலையில் மூன்று ஆண்டுகள் பணி செய்து, காந்திய முறையை அருகிலிருந்து கற்றார். திரும்பிச் சென்று நாஷ்வில் நகரில் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். அப்பயிற்சி பிரசங்கமன்று. ஒருவன் வெள்ளைக்காரனாக நடித்து மற்றவனை ஏசுவான், தள்ளுவான், முகத்தில் புகை ஊதுவான். வசவு கேட்பவன் கையை ஓங்காமல், கண்ணைத் தாழ்த்தாமல், நேராக உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். மாதக்கணக்கில் இது நடந்தது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள், வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்ட சிற்றுண்டி மேஜையில் உட்கார்ந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் அது பரவிற்று. நாஷ்வில் மாணவர்கள் அதைக் கண்டு விரைந்தெழுந்தார்கள் என்பது மெய்யே. ஆனால் அடிபட்டும் சிறை சென்றும் கலையாமல் மே 10ஆம் தேதி அந்நகரக் கடைகளைத் திறக்கச் செய்ததற்குக் காரணம் அவர்கள் முன்பே பெற்றிருந்த பயிற்சி.

1959ஆம் ஆண்டில் கிங் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர் என்று தலைமை ஆசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும், பின்னர் அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் கிங்கே பிற்காலத்தில் கூறினார். கற்க வந்த மாணாக்கரிடம் ஆசிரியரின் வீட்டு அழுக்கும் மறையவில்லை என்பதை நாமும் நினைவில் வைப்பது நலம்.

அயர்லாந்துக்கே திரும்பி வந்தது

அங்கிருந்து அம்முறை மேலும் சென்றது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பஸ் கம்பெனி நிறமுடையோரைக் கண்டக்டர்களாகவும் டிரைவர்களாகவும் நியமிக்க மறுத்து வந்தது. மாண்ட்கோமரியைக் கண்டு பால் ஸ்டீபன்சன் முதலியோர் 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் பஸ் பகிஷ்காரம் தொடங்கினார்கள். ஆகஸ்டு 28ஆம் தேதி, கிங் வாஷிங்டனில் தமது புகழ்பெற்ற பிரசங்கத்தைச் செய்த அதே நாளில், கம்பெனி பணிந்தது. முதலில் வேலைக்கு வந்தவர் ஒரு சீக்கியர். ஆஸ்திரேலியாவில் 1965ஆம் ஆண்டு சார்லஸ் பெர்க்கின்ஸும் சிட்னிச் சர்வகலாசாலை மாணவர்களும் அமெரிக்க விடுதலைப் பிரயாணிகளைப் போலப் பஸ்ஸில் கிளம்பி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அடைக்கப்பட்டிருந்த மோரி ஊர் நீச்சல் குளத்தின் வாயிலில் நின்றார்கள். இரண்டாண்டுகளில் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பூர்வகுடிகளின் பக்கம் வாக்களித்தார்கள்.

1968ஆம் ஆண்டு ஆகஸ்டில் வட அயர்லாந்தில் முதல் பிரஜா உரிமை யாத்திரை நடந்தது. வீட்டு வசதியிலும் உள்ளூர் வாக்குரிமையிலும் கத்தோலிக்கருக்கு இழைக்கப்பட்ட ஓரவஞ்சனையை எதிர்த்து நடந்தவர்கள் பாடியது அமெரிக்கக் கறுப்பு ஜனங்களின் போராட்டப் பாட்டு. 1969ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் பெல்பாஸ்டிலிருந்து டெர்ரிக்கு மாணவர்கள் புறப்பட்டது, செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரிக்கு 1965ஆம் ஆண்டில் நடந்த யாத்திரையைப் பார்த்தே. உலகுக்குப் பகிஷ்காரம் என்னும் பெயரைக் கொடுத்த தீவுக்கு, எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, வட்டியோடு கடன் திரும்பி வந்தது எனலாம்.

ஆனால் முடிவு? பர்ன்டாலெட் பாலத்தருகே அந்த மாணவர்கள் கல்லாலும் தடியாலும் தாக்கப்பட்டார்கள். 1972ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி டெர்ரியில் பிரிட்டிஷ் துருப்புக்கள் ஊர்வலத்தின் மீது சுட்டதில் பதின்மூன்று பேர் அன்றே மாண்டார்கள். சாத்வீகத்தை நம்பியிருந்த இளைஞர் பலர் துப்பாக்கியைத் தேடிச் சென்றார்கள். 1998ஆம் ஆண்டு உடன்படிக்கை ஏற்படுவதற்குள் சுமார் 3,500 உயிர்கள் போயின. அமெரிக்காவில், மாகாண அதிகாரிகளின் கொடுமைக்கு மேல் முறையிட மத்திய சர்க்காரும் உயர் நியாயஸ்தலமும் இருந்தன. வட அயர்லாந்தில் அத்தகைய மேல்முறையீடு காலத்தில் கிடைக்கவில்லை. பாட்டைக் கொண்டு வரலாம், யாத்திரையைக் கொண்டு வரலாம். நியாயஸ்தலத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வர முடியாது.

வைக்கோற் போரில் பற்றிய நெருப்பு

இதற்கு நேர்மாறாக, வாரக்கணக்கில் பரவிய கிளர்ச்சிகளும் உண்டு. 1848ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் எழுந்தது. மார்ச்சு நடுவில் வியன்னாவும், அடுத்த சில நாட்களில் பெர்லினும் எழுந்தன. ஐரோப்பாவே புதிதாகப் பிறந்துவிட்டதென்று பலர் ஆனந்தக் கூத்தாடினர். அடுத்த ஆண்டே ருஷ்யச் சக்கரவர்த்தி தம் சேனையை அனுப்பி ஹங்கேரியை அடக்கினார். மூன்றாண்டுகளுக்குள் பெரும்பாலான அரசர்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

2010ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி துனீசியாவில் முகமது புவாசிசி என்ற தெரு வியாபாரி தம் உடலில் தீ வைத்துக் கொண்டார். நான்கு வாரத்தில் அந்நாட்டு ஜனாதிபதி ஓடினார். பிப்ரவரி 11ஆம் தேதி எகிப்தில் முபாரக் பதவி துறந்தார். எகிப்திய இளைஞர்களில் சிலர் முன்னரே செர்பியாவின் 'ஓட்போர்' இயக்கத்தாரிடம் பாடம் கேட்டிருந்தனர். 2000ஆம் ஆண்டில் மிலோசெவிச்சை வீழ்த்த முன்னின்ற இயக்கம் அது. அதன் முஷ்டிச் சின்னத்தையும் எகிப்தியர் எடுத்துக் கொண்டனர். சதுக்கத்தை நிரப்ப அப்பாடம் போதுமானதாக இருந்தது. சதுக்கத்திலிருந்து வீடு திரும்பிய பின் ராஜ்யத்தை நடத்தப் போதுமானதாக இல்லை. நாடெங்கும் கிளைகளும் கட்டுப்பாடும் கொண்டிருந்தவை இராணுவமும் முஸ்லிம் சகோதரர் சங்கமுமே. 2013ஆம் ஆண்டு ஜூலையில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. துனீசியாவிலோ பழைமையும் பலமும் வாய்ந்த தொழிற்சங்க சம்மேளனம் இருந்தது. வக்கீல்கள் முதலிய மூன்று ஸ்தாபனங்களுடன் சேர்ந்து அது சமரசம் செய்து வைத்ததற்கு 2015ஆம் ஆண்டில் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அங்கும் 2021ஆம் ஆண்டில் ஜனாதிபதி பார்லிமெண்டை முடக்கினார். ஆயினும் பத்தாண்டு தாங்கியதற்கும் இரண்டாண்டில் கவிழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் சங்கத்தின் வித்தியாசமேயாகும்.

ஆளுவோரும் ஒருவரிடம் ஒருவர் கற்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. 1849ஆம் ஆண்டில் ருஷ்ய சேனை ஹங்கேரிக்குச் சென்றதுபோலவே, 2011ஆம் ஆண்டு மார்ச்சில் சவுதி அரேபியா முதலிய அண்டை நாடுகளின் துருப்புக்கள் பஹ்ரேனுக்குள் புகுந்தன. ஜனங்கள் பிறநாட்டாரிடம் ஒரு பாட்டைக் கற்றால் அது அந்நியத் தூண்டுதல்; அரசர்கள் பிறநாட்டாரிடமிருந்து சேனையையே வரவழைத்தால் அது நேசதேச உதவி! இந்த வாதத்தின் அழகை வாசகர்களே பார்த்துக் கொள்ளட்டும்.

நாம் கொள்ள வேண்டியது

மேலே கூறியவற்றிலிருந்து பொதுவேலையில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் எதைக் கொள்ளலாம்? நம் குடியானவனுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று. நாற்றை ஓரிடத்தில் விட்டு வேறிடத்தில் நடுகிறோம். நாற்று அடுத்த ஊர் நாற்றங்காலிலிருந்தும் வரலாம். அதனால் பயிர் அடுத்த ஊராருடையதாகிவிடாது. ஆனால் வயலை உழாமலும் தண்ணீர் கட்டாமலும் நாற்றை மட்டும் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்து வரப்பில் வைத்தால், மாலைக்குள் அது வாடிப்போகும்.

பிறநாட்டுக் கிளர்ச்சியிலிருந்து ஒரு முறையைக் கொண்டுவர விரும்புவோர் முதலில் சில கேள்விகளைத் தமக்குத்தாமே கேட்டுக் கொள்ள வேண்டும். இந்த வலி நம் ஜனங்களில் கடைசி மனிதனுக்கும் தெரிந்த வலிதானா? இம்முறையை நம்மவர் தம் பாஷையில், தம் சொல்லால் அழைக்க முடியுமா? ஆரவாரம் அடங்கிய பின்பும் கணக்கு எழுதவும், கைதிகளின் குடும்பத்துக்கு அரிசி அளக்கவும் ஒரு சங்கம் இருக்குமா? அடி விழும்போது கை ஓங்காதிருக்க நம் இளைஞர்கள் பழகியிருக்கிறார்களா? இந்த ஆயுதம் வலியவனை நோக்கித் திரும்பியிருக்கிறதா, எளியவனை நோக்கித் திரும்பியிருக்கிறதா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால், முறை மேயோவிலிருந்து வந்தாலும் நாஷ்விலிலிருந்து வந்தாலும் தயங்காமல் ஏற்கலாம். விடை கிடைக்காவிட்டால், கொடியும் முஷ்டியும் கோஷமும் எவ்வளவு கவர்ச்சியாயிருந்தாலும், அது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக் கொண்ட கதையாகவே முடியும்.

அந்நியத் தூண்டுதல் என்று கூக்குரலிடும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பாய்காட் ஊரை விட்டுப் போனதும் அயர்லாந்தின் நிலப் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. 1881ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டே குத்தகையை நியாயப்படுத்தும் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. வெளியூரான் யார் என்று தேடுவதில் செலவிடும் நாட்களை, உள்ளூரான் என்ன கேட்கிறான் என்று விசாரிப்பதில் செலவிட்டிருந்தால், பத்தாயிரம் பவுன் மிச்சமாகியிருக்கும். சில நாடுகளில் பல்லாயிரம் உயிர்களும் மிச்சமாகியிருக்கும்.